முளைத்த பல்லைவிட முளைக்காத பல்தான் கவலை

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு படிக்கிறான். மேல்வரிசையில் முன்பால்பற்கள் இரண்டும் போன வருஷமே விழுந்துவிட்டன. வலது பக்கம் புதுப்பல் வந்து பத்து மாதம் ஆகிறது, கொஞ்சம் திரும்பினாற்போல நிற்கிறது. இடது பக்கம் இன்னும் வரவில்லை. ஆனால் நடுவில் கூராக ஒரு சின்னப் பல் முளைத்திருக்கிறது. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வதால் வாயைத் திறந்து சிரிப்பதையே விட்டுவிட்டான். நான் கட்டியிருப்பது என் தாய்மாமனை. எங்கள் அம்மாச்சிதான் எனக்கு மாமியார். நான் மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி என்கிறார் அவர். அப்பா வழி அத்தையோ, சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்கிறார். அது அதிர்ஷ்டப் பல், எடுக்காதே என்றும் சிலர் சொல்கிறார்கள். உள்ளூர்ப் பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். நாலு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். அவளுக்கும் இப்படி வருமா? நாங்கள் என்ன செய்வது?
– ஒரு தாய், உசிலம்பட்டி அருகே

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எல்லோரும் நடுவில் முளைத்த கூர்ப்பல்லைப் பற்றியே பேசுகிறார்கள். என்னை உறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொரு வரி. இடது முன்பல் இன்னும் வரவில்லை என்பது. வலது பல் வந்து பத்து மாதம் ஆகியும் அதன் ஜோடி வரவில்லை என்றால், அதை ஏதோ ஒன்று உள்ளே தடுத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

எனவே செய்ய வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பல் டாக்டர் சொன்னது சரி. இந்த மாதத்துக்குள் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பதறிக்கொண்டு நாளைக் காலையே ஓட வேண்டியதில்லை. ஆனால் முழுப்பரீட்சை லீவு வரட்டும் என்று தள்ளிப்போடவும் கூடாது. எக்ஸ்ரே பார்க்காமல் அந்தக் கூர்ப்பல்லை யாரும் பிடுங்க விடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், வீட்டில் உங்கள் தலையில் ஏற்றி வைத்திருக்கும் பழியை இறக்கி வைத்துவிடுவோம்.

முதல் விஷயம், இது அப்படி ஒன்றும் காணாத அதிசயமில்லை. நிரந்தரப் பல் முளைக்கிற வயதில் நூறு பிள்ளைகளைப் பார்த்தால், அதில் ஒருவர் முதல் மூன்று பேருக்கு இப்படி ஒரு பல் கூடுதலாக இருக்கும். ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் என்றால் பத்திலிருந்து முப்பது பேர். பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பத்தில் எட்டு ஒன்பது மேல்தாடையில்தான் வரும். அதிலும் இரண்டு முன்பற்களுக்கு நடுவில் வருவதுதான் மிக அதிகம். அந்த இடத்தில் வருகிற பல்லை மீசியோடென்ஸ் என்று எழுதுவோம். ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஏதோ பெரிய வியாதி என்று பயந்துவிடாதீர்கள்.

இது ஏன் வருகிறது? கரு உருவாகி ஆறு வாரத்திலேயே குழந்தையின் வாய்க்குள் தாடை ஓரமாக மெல்லிய பட்டை ஒன்று உண்டாகிறது. அதிலிருந்துதான் பல் அரும்புகள் கிளம்பும். முதலில் பால்பற்களுக்கு இருபது அரும்புகள். அப்புறம் அதே பட்டை உள்பக்கமாக நீண்டு நிரந்தரப் பற்களுக்கான அரும்புகளை விடும். எட்டு வயதில் முளைக்கப்போகிற முன்பல்லுக்கு, தாய் வயிற்றில் ஐந்தாவது மாதவாக்கிலேயே அரும்பு கட்டத் தொடங்கிவிடுகிறது. வேலை முடிந்தபின் இந்தப் பட்டை கரைந்து மறைந்துவிட வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது முழுதாகக் கரைவதில்லை. மிச்சம் நிற்கிற துணுக்கு வேகம் அடங்காமல் இன்னும் ஓர் அரும்பை விட்டுவிடும். சோழவந்தான் பக்கம் வாழை போட்டவர்களைக் கேளுங்கள், குலை தள்ளின பிறகும் கிழங்கில் தெம்பு இருந்தால் பக்கக்கன்று கிளம்பிக்கொண்டே இருக்கும் என்பார்கள். தாடையில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். இன்றைக்குப் பெரும்பாலான பல் மருத்துவர்கள் ஏற்றுக்கொள்கிற விளக்கம் இது.

வேறு விளக்கங்களும் உண்டு. ஓர் அரும்பே இரண்டாகப் பிளந்து இரண்டு பல்லாகிவிடும் என்பது ஒன்று. பக்கத்துப் பல்லை அச்சில் வார்த்தது மாதிரியே இரட்டைப் பல் வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் அது பொருந்துகிறது போலத் தோன்றும். முன்னோர் வழி என்று ஒரு பழைய விளக்கமும் இருந்தது. ஆதிகாலப் பாலூட்டிகளுக்கு 44 பற்கள். மேலே ஒவ்வொரு பக்கமும் மூன்று முன்பற்கள். நாய்க்கு இன்றைக்கும் அப்படித்தான், மேலே ஆறு முன்பற்கள். மனிதருக்கு நாலு. அந்தப் பழைய பல் எப்போதாவது திரும்பி வருகிறது என்றார்கள். கேட்கச் சுவையாக இருந்தாலும் இந்த விளக்கத்தை இப்போது அதிகம் பேர் ஏற்பதில்லை.

பல்லின் எண்ணிக்கையை உடம்பு எப்படி முடிவு செய்கிறது என்பது இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்து வருகிறது. வளரச் சொல்கிற சைகைகளும் உண்டு, போதும் நிறுத்து என்கிற சைகைகளும் உண்டு. நிறுத்தச் சொல்கிறவற்றில் யுசாக்-1 என்று ஒரு புரதம். அந்தப் புரதம் இல்லாமல் பிறந்த எலிகளுக்குக் கூடுதலாகப் பல் முளைப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். வழக்கமாக அழிந்துபோக வேண்டிய அரும்பு ஒன்று அழியாமல் நின்று முழுப் பல்லாகிவிட்டது. அதை வைத்தே அவர்கள் எதிர்த்திசையில் யோசித்தார்கள். பிறவியிலேயே பல் குறைவாக இருந்த எலிகளுக்கு அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பல் முளைக்க வைத்து, 2021ல் அந்த முடிவை வெளியிட்டார்கள். 2024ல் கியோட்டோவில் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனையும் தொடங்கியிருக்கிறது. உங்கள் மகனின் சிகிச்சைக்கும் இதற்கும் நேரடியாகத் தொடர்பு கிடையாது. ஆனாலும் இதை உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். ஒரு பல் கூடுவதும் குறைவதும் கண்ணுக்குத் தெரியாத இந்த மூலக்கூறுகளின் கணக்கு. கிரகணத்தன்று நீங்கள் வாசலுக்கு வந்ததை அந்த அரும்பு அறியாது. நீங்கள் எதைச் சாப்பிட்டீர்கள், எந்த மாத்திரையை விட்டீர்கள் என்பதும் இதற்குக் காரணமில்லை. கர்ப்பத்தில் கொடுக்கிற கால்சியம் மாத்திரையால்தான் பல் கூடிவிட்டது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கால்சியம் பல்லைக் கெட்டிப்படுத்தும், எத்தனை பல் என்று தீர்மானிக்காது.

உங்கள் அத்தை சொன்னதற்கு வருகிறேன். சொந்தத்தில், அதிலும் தாய்மாமனைக் கட்டும்போது, சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு கூடத்தான் செய்யும். அதை நான் மறைக்க மாட்டேன். தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே குறை ஒளிந்திருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால் வெளிப்படுகிற நோய்கள் அவை. கூடுதல் பல் பெரும்பாலும் அந்த வழியில் வருவதில்லை. குடும்பத்தில் ஓடுவது உண்மை. தகப்பனுக்கு இருந்து மகனுக்கு வரும், அண்ணனுக்கு இருந்து தம்பிக்கும் வரும், நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டியும் வரும். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தாலே போதும். சொந்தத்தில் கட்டும் வழக்கமே இல்லாத நாடுகளிலும் இதே அளவில் பிள்ளைகளுக்கு இது வருகிறது. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் முதல்முதலாக ஒரு பிள்ளைக்கு வருவதும் சகஜம். உங்களுக்கோ வீட்டுக்காரருக்கோ சின்ன வயதில் இப்படி ஒரு பல்லை எடுத்தார்களா என்று அம்மாச்சியிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் இருவர் வாயையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் அவர்தான். பழியை நிர்ணயிக்கக் கேட்கச் சொல்லவில்லை. மகளைக் கவனிக்கும்போது அந்தத் தகவல் எங்களுக்கு உதவும்.

சில நோய்களோடு சேர்ந்தும் கூடுதல் பல் வரும். உதடு பிளந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பிளவின் ஓரத்தில் வரலாம். கழுத்துக்குக் கீழே இருக்கிற காறை எலும்பு சரியாக வளராமல், உச்சிக்குழி மூடத் தாமதமாகி, தாடைக்குள் பல பற்கள் அடைத்துக்கொண்டு நிற்கிற பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. குடலில் கட்டிகள் வருகிற ஒரு பரம்பரை நோயிலும் உண்டு. இவையெல்லாம் அரிது. பல பற்கள் கூடுதலாக இருந்தால்தான் அந்தப் பக்கம் யோசிப்போம். உங்கள் பிள்ளை மற்றபடி நன்றாக வளர்ந்து ஓடியாடுகிறான் என்றால் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 2019ல் சென்னையில் ஏழு வயதுச் சிறுவன் தாடையிலிருந்து 526 பற்களை எடுத்த செய்தி வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, நீங்களும் பார்த்திருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அது வேறு. பல்லாக வேண்டிய திசு ஒரு பைக்குள் கட்டியாகத் திரண்டு, சிறிதும் பெரிதுமாகப் பல்துண்டுகளாக நிறைந்து போவது. புற்றுநோயும் இல்லை. உங்கள் மகன் நிலைமையோடு அதை ஒப்பிடாதீர்கள்.

சரி, இப்போது அந்த வராத பல்லுக்கு வருவோம்.

நடுவில் வருகிற கூடுதல் பற்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுதான் வெளியே முளைக்கும். மற்றவை அண்ணத்துப் பக்கமாக எலும்புக்குள்ளேயே கிடக்கும். சில தலைகீழாக மூக்கைப் பார்த்துக்கூட நிற்கும். வடிவத்திலும் வித்தியாசம் உண்டு. வெளியே முளைப்பவை பெரும்பாலும் கூம்பாக, கூராக இருக்கிற வகை. பக்கத்துப் பல்லைத் தள்ளும், திருப்பும், இடைவெளி உண்டாக்கும். உங்கள் மகனின் வலது பல் திரும்பி நிற்பதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் ஒரு முன்பல்லை அடியோடு வரவிடாமல் மறிக்கிற வேலையை அது அவ்வளவாகச் செய்யாது. மறிப்பது இன்னொரு வகை. தடித்து, உருண்டு, மேலே சின்னச் சின்ன முகடுகளோடு இருக்கும். அது பெரும்பாலும் வெளியே வரவே வராது. நிரந்தர முன்பல் இறங்கி வர வேண்டிய வழியில், அதற்குப் பின்னால் குந்திக்கொள்ளும். இந்த இரண்டும் ஒரே பிள்ளைக்கு ஜோடியாக இருப்பதும் உண்டு. ஒன்று வெளியே தெரியும், ஒன்று தெரியாது.

எக்ஸ்ரே இல்லாமல் பிடுங்க விடாதீர்கள் என்று சொன்னது இதனால்தான். தெரிகிற கூர்ப்பல்லை எடுத்துவிட்டு, விஷயம் முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். உள்ளே இருக்கிற இன்னொன்று ஒன்றிரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் மறித்துக்கொண்டே இருக்கும். அதற்குள் வலது முன்பல்லும் இடது பக்கத்துப் பல்லும் காலியிடத்தில் சாய்ந்துவிடும். வர வேண்டிய பல்லுக்கு இடமே இருக்காது.

வயதும் இங்கே முக்கியம். மேல் முன்பல் சாதாரணமாக ஏழிலிருந்து எட்டு வயதுக்குள் முளைக்கும். அதன் வேர் முழுதாக வளர்ந்து நுனி மூடுவது ஏறக்குறைய பத்து வயதில். வேர் வளர்ந்துகொண்டிருக்கும் வரைக்கும் பல்லுக்குத் தானாக இறங்கி வருகிற வேகம் இருக்கும். அந்தக் காலத்துக்குள் தடையை எடுத்து, இடமும் இருந்தால், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பல் தானாகவே வந்துவிடும். உடனே வராது. ஆறு மாதத்தில் வருவதும் உண்டு, இரண்டு மூன்று வருஷம் எடுப்பதும் உண்டு. வேர் நுனி மூடிய பிறகு எடுத்தால், ஈற்றைத் திறந்து, பல்லில் ஒரு கொக்கியை ஒட்டி, க்ளிப் போட்டு மெல்ல மெல்ல இழுத்துக் கொண்டுவர வேண்டிவரும். அதுவும் முடியாத காரியமில்லை. ஆனால் நீண்ட வேலை, செலவு, பிள்ளைக்கு அலைச்சல். எட்டு வயது என்பது உங்களுக்குச் சாதகமான வயது. அதனால்தான் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல் வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வயதில் கீழே விழுந்து முன்பால்பல்லில் பலமாக அடிபட்டிருந்தால், அதற்கு மேலே வளர்ந்துகொண்டிருந்த நிரந்தரப் பல்லின் வேர் வளைந்து போயிருக்கலாம். அப்படிப்பட்ட பல்லும் வராமல் நிற்கலாம். திண்ணையிலிருந்து விழுந்தான், சைக்கிளிலிருந்து விழுந்தான் என்று எதாவது நினைவுக்கு வந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சில சமயம் ஈறு தடித்துப் போயிருப்பது மட்டுமே காரணமாக இருக்கும். எதுவென்று எக்ஸ்ரேதான் சொல்லும்.

அந்த எக்ஸ்ரே சின்ன விஷயம். விரல்நுனி அளவு ஃபிலிமையோ சென்சாரையோ வாய்க்குள் வைத்து எடுப்பார்கள். கதிர்வீச்சு அளவு ஒரு நாளில் இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் எல்லோர் மேலும் படுகிற அளவை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு கோணத்தில் எடுக்கச் சொன்னால் ஏன் இரண்டு என்று சந்தேகப்படாதீர்கள். கூடுதல் பல் அண்ணத்துப் பக்கம் இருக்கிறதா, உதட்டுப் பக்கம் இருக்கிறதா என்று இரண்டையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். தாடை முழுவதும் தெரிகிற ஓபிஜி படமும் கேட்கலாம். வேறு எங்கேயாவது கூடுதல் பல் இருக்கிறதா என்று அதில் தெரியும், ஆனால் நடு முன்பகுதி அதில் அவ்வளவு தெளிவாக விழாது. ஓபிஜி மட்டும் எடுத்து ஒன்றுமில்லை என்றால், சின்ன ஃபிலிமும் ஒன்று எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். முப்பரிமாண ஸ்கேனுக்குக் கதிர்வீச்சும் காசும் அதிகம். சிக்கலான இடத்தில் பல் இருந்தால்தான் அது தேவை.

உசிலம்பட்டியிலிருந்து வருகிற பேருந்தில் ஆரப்பாளையத்தில் இறங்கினால், கோரிப்பாளையம் பக்கம் இருக்கிற பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராசாசி மருத்துவமனைக்கு, அதிக நேரம் ஆகாது. அங்கே பல் பிரிவு உண்டு. காலையிலேயே வந்து சீட்டுப் போட்டுவிடுங்கள். மதுரையைச் சுற்றி இருக்கிற பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, கட்டணமும் தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. எங்கே போனாலும் இரண்டு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். உள்ளே இன்னொரு பல் இருக்கிறதா? இடது முன்பல்லின் வேர் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பது தானாகவே தெளிவாகிவிடும். எக்ஸ்ரேயை அங்கேயே விட்டுவிடாமல் போனிலாவது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

எடுக்கிற முறை எப்படி இருக்கும்? வெளியே தெரிகிற கூர்ப்பல்லை எடுப்பது சுலபம். மரப்பு ஊசி போட்டு, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அது பால்பல் மாதிரி ஆடி விழுகிற பல் இல்லை, முழு வேர் உள்ள பல். வீட்டில் நூல் கட்டி இழுப்பது, ஆட்டி ஆட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். உள்ளே ஒன்று இருந்தால் அண்ணத்துப் பக்கம் ஈற்றைக் கொஞ்சம் விலக்கி, எலும்பைச் சிறிது சுரண்டி எடுத்துவிட்டுத் தையல் போடுவார்கள். பிள்ளை ஒத்துழைத்தால் மரப்பு ஊசியிலேயே செய்யலாம். ரொம்பப் பயப்படுகிற பிள்ளைக்கும், பல் ஆழத்தில் இருந்தாலும், மயக்கம் கொடுத்துச் செய்வது உண்டு. உள்ளே இருக்கிற எல்லாக் கூடுதல் பல்லையும் எடுத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. எதையும் மறிக்காமல், பக்கத்து வேரை உரசாமல், சுற்றி நீர்க்கட்டி வராமல் சும்மா கிடக்கிற பல்லை அப்படியே விட்டு அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்தால் போதும். உங்கள் மகன் விஷயத்தில் ஒரு பல் வராமல் நிற்கிறது. அதனால் சும்மா விடுகிற வழி அநேகமாகப் பொருந்தாது.

மேல்பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்கிற பயம் உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லை. இந்தப் பக்கத்தில் படித்தவர்களும் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பார்வைக்கான நரம்பு கண்ணின் பின்னாலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. மேல்பற்களுக்கு உணர்ச்சி தருவது முகத்துக்கு வருகிற வேறொரு நரம்பின் கிளை. பல்லை எடுப்பதால் பார்வை நரம்புக்கு ஒன்றும் ஆகாது. இந்தப் பயம் எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவது இது. வயதானவர்களுக்குப் பல் எடுக்க வேண்டி வருகிற அதே காலத்தில்தான் கண்ணில் புரையும் விழுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார்கள். வீட்டுக்காரரையும் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள். டாக்டர் வாயிலிருந்து நேரில் கேட்டால் அவர் மனமும் ஆறும்.

அதிர்ஷ்டப் பல் என்கிறவர்களோடு சண்டை வேண்டாம். அநேகமாக அவர்கள் தெத்துப்பல்லோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தெத்துப்பல் என்பது இடம் போதாமல் வரிசையைவிட்டு மேலே ஏறி நிற்கிற கோரைப்பல். அது எண்ணிக்கைக்குள் அடங்குகிற சொந்தப் பல். அதைப் பிடுங்கவே கூடாது. இது எண்ணிக்கைக்கு மேலே வந்தது.

எண்ணிக்கை என்றதும் இன்னொன்று. இதைப் படிக்கிற மற்றப் பெற்றோருக்கும் உதவும். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கீழ்வரிசையில் பால்பல்லுக்குப் பின்னால் இன்னொரு வரிசை முளைத்துவிட்டது என்று அலறிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அது கூடுதல் பல் அல்ல. பால்பல் விழுவதற்குள் நிரந்தரப் பல் அவசரப்பட்டு நாக்குப் பக்கமாக வந்துவிட்டது, அவ்வளவுதான். பால்பல் ஆடி விழுந்ததும் நாக்கே அதை முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிடும். இரண்டு மூன்று மாதமாகியும் பால்பல் ஆடவே இல்லை என்றால் மட்டும் டாக்டரிடம் காட்டினால் போதும். அதேபோல ஏழெட்டு வயதில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருப்பதும் இயல்பு. கோரைப்பல் முளைக்கிற பதினொன்று பன்னிரண்டு வயதில் அது பெரும்பாலும் மூடிக்கொள்ளும். இரண்டு முன்பல்லும் வந்திருந்து, இடைவெளி மட்டும் இருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். ஒன்று வந்து ஆறு மாதமாகியும் மற்றொன்று வரவில்லை என்றால் பொறுக்கக் கூடாது. பள்ளிக்கு வருகிற அரசு மருத்துவக் குழு பிள்ளைகளின் வாயைப் பார்க்கும்போது, ஆசிரியர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டால் எத்தனையோ பிள்ளைகளுக்கு நல்லது நடக்கும்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் சிரிப்பை விட்டுவிட்டான் என்று நீங்கள் எழுதியது என் மனதை விட்டுப் போகவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு உண்மை புரியும். உனக்கு ஒரு பல் கூடுதலாக வந்திருக்கிறது, நிறையப் பேருக்கு வரும், அதை எடுத்துவிட்டால் உன் பெரிய பல் வர வழி கிடைக்கும் என்று அப்படியே சொல்லுங்கள். ஊசியே போடமாட்டார்கள் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அப்புறம் மரத்துப்போகும் என்று சொன்னால் தாங்கிக்கொள்வான். அடம்பிடித்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று வீட்டில் யாராவது மிரட்டுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வகுப்பு டீச்சரிடமும் ஒரு தடவை தனியாகப் பேசுங்கள். கேலி செய்கிற பிள்ளைகளுக்கும் பல் விழுந்து முளைக்கிற வயதுதான். டீச்சர் வகுப்பில் பல்லைப் பற்றி ஒரு பாடமாகவே பேசிவிட்டால் அதோடு போய்விடும்.

பல்லை எடுத்த அன்று மரப்பு இறங்கும் வரை, இரண்டு மூன்று மணி நேரம், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். மரத்துப்போன உதட்டைத் தெரியாமல் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிற பிள்ளைகள்தான் அதிகம். வைத்த பஞ்சை அரைமணி நேரம் அழுத்திக் கடித்திருக்கட்டும். அன்று முழுக்கச் சூடில்லாத மோர்சாதம், குழைந்த தயிர்சாதம் போதும். ஊர் திரும்புகிற வழியில் ஜிகர்தண்டா கேட்டால் மரப்பு போனபின் வாங்கிக் கொடுங்கள், ஆனால் கரண்டியால் சாப்பிடட்டும். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினால் ரத்தம் கட்டியது பெயர்ந்துவிடும். வேகமாக வாய் கொப்பளிப்பதும் அன்றைக்கு வேண்டாம். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். இடது பல் இறங்குகிறதா, இடம் சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். இடம் சுருங்கினால் அதைக் காத்து வைக்க ஒரு சின்னக் கருவி பொருத்துவார்கள். வலது பல்லின் திருப்பம் கொஞ்சம் தானே சரியாகலாம். மிச்சம் இருந்தால் க்ளிப் போடுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

கடைசியாக உங்கள் மகள். அண்ணனுக்கு இருப்பதால் அவளுக்கு வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் அதிகம். வந்தே தீரும் என்றில்லை. பெண்பிள்ளை என்பதால் வாய்ப்பு குறைவும்கூட. இப்போது அவளுக்கு எக்ஸ்ரே வேண்டாம். ஒரு நாள் பகல் வெளிச்சத்தில் மடியில் படுக்கவைத்துப் பால்பற்களை எண்ணிப் பாருங்கள். மேலே பத்து, கீழே பத்து. ஒன்று கூடுதலாக இருந்தால், நிரந்தரப் பல்லிலும் அதே இடத்தில் கூடுதல் வருவதற்கு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வாய்ப்பு உண்டு என்பதால் டாக்டரிடம் காட்டி வையுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் ஆறு வயதுவாக்கில் ஒரு தடவை அழைத்துப் போய், அண்ணனுக்கு இருந்ததைச் சொல்லி, முன்பல் இடத்தில் ஒரே ஒரு சின்ன ஃபிலிம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மேல் முன்பல் ஒன்று வந்தவுடன் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு மாதத்தில் அதன் ஜோடி வரவில்லை என்றால் யார் என்ன சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.